வகுத்தலா, டோர்பெல்லா: எதை முதலில் திருத்துவது?

கேள்வி: 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை அடுக்கும் வட்ட வரிசையான ரிங்கில், அடுத்த இடத்தின் எண்ணை ரிங் அளவால் வகுத்து மீதி எடுத்துச் சுழற்றுகிறேன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'புதிய பாக்கெட் வந்திருக்கிறது' என்று கார்டுக்குச் சொல்லும் டோர்பெல் ரெஜிஸ்டரில் எழுதுகிறேன். எதை முதலில் மாற்றலாம்?

பதில்: டோர்பெல்லை. அந்த வேகத்தில் 64 பைட் பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பினால், ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோசெகண்டுதான். அதில் ஒவ்வொரு முறையும் பிசிஐ (கார்டை கணினியுடன் இணைக்கும் பஸ்) வழியாகக் கார்டுக்கு எழுதுவது பெரிய செலவு. 'பின்னால் இன்னும் பாக்கெட் இருக்கிறது' என்று கெர்னல் டிரைவருக்குச் சொல்லும் வசதி 3.18 பதிப்பிலிருந்தே உண்டு. 5.2 முதல் அதற்கு நெட்டெவ்_எக்ஸ்மிட்_மோர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது 'ஆம்' என்றால் டோர்பெல்லைத் தள்ளிப்போடுங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான். ரிங் நிரம்பி, கெர்னல் பாக்கெட் அனுப்பும் கியூவை நிறுத்தினால், 'ஆம்' என்று வந்திருந்தாலும் டோர்பெல் அடித்தே ஆக வேண்டும். கடைசி பாக்கெட்டின் டிஎம்ஏ மேப்பிங் (கார்டு நினைவகத்தை நேரடியாகப் படிக்க வழி செய்வது) தோற்று அதைக் கைவிடும்போதும் அப்படியே. மறந்தால் முன்பு அடுக்கியவை ரிங்கிலேயே கிடக்கும். நிறுத்திய கியூ என்றால் கடைசியில் வாட்ச்டாக் (அனுப்புவது நின்றுபோனதைக் கவனிக்கும் கெர்னல் டைமர்) டைம்அவுட்தான்.

வகுத்தலுக்குப் பதில் மாஸ்க் (ரிங் அளவில் ஒன்று குறைத்த எண்ணுடன் பிட் வாரியான AND) போடலாம், ஆனால் ரிங் அளவு 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். யாராவது ஈத்டூலில் (கார்டு அமைப்புகளை மாற்றும் கருவி) 1000 என்று வைத்தால் மாஸ்க் 999. எண் 7-ஐத் தாண்டாமல் 0-க்குத் திரும்பிவிடும்! அளவை 1024 ஆக உயர்த்துங்கள். அல்லது எண்ணை ஒன்று கூட்டி, அளவைத் தொட்டதும் 0 ஆக்குங்கள். எனக்கு இதுவே பிடிக்கும், எந்த அளவுக்கும் பொருந்தும்.

சோதிக்க பிகேடிஜென்னில் (கெர்னலின் சோதனைப் பாக்கெட் உருவாக்கி) பர்ஸ்ட் அளவை, அதாவது ஒரே தொகுப்பாக அனுப்பும் பாக்கெட் எண்ணிக்கையை, முதலில் 1, பிறகு 32 என வைத்து ஒப்பிடுங்கள்.