அண்ணன் தம்பி என்று பழமொழி சொன்னால் போதுமா?

கேள்வி: 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் இருந்த உறவை ஓர் இலக்கிய வரலாற்றாளர் ஆண்டுக்கணக்கில் ஆராய்வதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மன்னர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் வரலாற்றுத் துறைக்காரர்கள் பார்க்க வேண்டியவை. கவிதை படிக்கிறவருக்கு அங்கே என்ன வேலை? ‘போலந்துக்காரனும் ஹங்கேரிக்காரனும் அண்ணன் தம்பி, வாளெடுத்தாலும் கூட்டு, கிண்ணமெடுத்தாலும் கூட்டு’ என்று அவர்கள் நாட்டில் பழமொழியே இருக்கிறது. இனி கண்டுபிடிக்க என்ன மிச்சம்?
(ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் சாட்சிக்கு அழைத்த பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். அது நீங்கள் கேட்கும் காலத்தைச் சேர்ந்ததே இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். 1768-இல் ரஷ்ய ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பிய ‘பார்’ என்ற ஊரில் உருவான கூட்டமைப்பின் போலந்துத் தலைவர்கள், அன்றைய ஹங்கேரியின் வடக்கு ஊர்களில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்தச் சமயத்தை ஒட்டித்தான் இந்த வாசகம் பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நம் பேச்சோ அதற்கு நூறு, இருநூறு ஆண்டு முந்தைய காலத்தைப் பற்றியது. ஒரு வாசகம் எப்போது, யார் வாயில் பிறந்தது என்று துருவிப் பார்ப்பது யார் வேலை? இலக்கிய வரலாற்றாளரின் வேலைதான்.

அவர் துருவாமல் விட்டால் என்ன ஆகும்? 1657 மறைந்துபோகும். அந்த ஆண்டு, இன்றைய ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவின் ஹங்கேரிய இளவரசர் இரண்டாம் ஜார்ஜ் ராகோட்சி, சுவீடனோடு சேர்ந்துகொண்டு போலந்தின் மேல் படையெடுத்தார். போலந்தைப் பங்குபோட்டுக்கொள்ள முந்தைய டிசம்பரிலேயே ஒப்பந்தம் ஆகியிருந்தது. அவருக்குப் போலந்து மகுடத்தின் மேல் கண். கிராக்கோவ், பிரெஸ்ட், வார்சா என்று அவருடைய படை போன வழியெல்லாம் கொள்ளை. சுவீடன் பாதியில் கைவிட்டது, ஜூலையில் ராகோட்சி சரணடைந்தார். அவர் தப்பி வீடு சேர்ந்தார். தளபதி யானோஷ் கெமேனியோடு பின்னால் வந்த படையைக் கிரிமியத் தாத்தாரியர்கள் வளைத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். கெமேனி அந்தச் சிறையில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதினார். பழைய ஹங்கேரிய உரைநடையில் முதல் வரிசையில் வைக்கப்படும் நூல் அது. இப்போது சொல்லுங்கள், அது வரலாற்று ஆவணமா, இலக்கியமா? தோற்றுப்போன தளபதி ஒருவர் தன் பக்க நியாயத்தை எப்படிக் கட்டிச் சொல்கிறார், எதை நீட்டுகிறார், எதை ஒரே வரியில் தாண்டுகிறார் என்று படிக்கத் தெரியாதவர் அதை வைத்து வரலாறு எழுதினால், அவர் சொன்னதை அப்படியே நம்பி எழுதுவார். அதனால்தான் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார்.

நட்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்த ஊரில், எந்த மனிதர்கள் வழியாக நடந்தது என்று காட்டுவது ஏட்டில் இருக்கும் எழுத்துதான். திரான்சில்வேனிய இளவரசர் இஸ்த்வான் பாத்தோரி 1576-இல் போலந்து மன்னராக முடிசூடினார். பத்து ஆண்டு ஆண்டார். போலிஷ் மொழி தெரியாத அவர் பிரபுக்களிடம் லத்தீனில்தான் பேசினார். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே கிடைக்கும். அவரோடு போலந்துக்குப் போனவர்களில் பாலிந்த் பலஷ்ஷி என்ற இருபத்தொரு வயது ஹங்கேரியரும் ஒருவர். 1575-இல் பாத்தோரிக்கு எதிராகப் படையோடு அனுப்பப்பட்டுப் பிடிபட்டவர் அவர். கைதியாக வந்தவரைப் பாத்தோரி விருந்தாளி போல வைத்துக்கொண்டார். ஹங்கேரிய மொழியின் முதல் பெருங்கவிஞர் இவர்தான். அரசாங்கக் கடிதங்களில் தேடினால் இவர் ஒரு சில்லறைப் பிரபு, வழக்கும் கடனும் உள்ள ஆள், அவ்வளவுதான்.

அவர் பாட்டுகளைப் பாருங்கள். பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்று குறிப்பு இருக்கும். சிலவற்றுக்குத் துருக்கிய மெட்டு, சிலவற்றுக்கு ருமேனிய மெட்டு, சிலவற்றுக்குப் போலிஷ் மெட்டு. போலிஷ் பக்திப் பாட்டு ஒன்றை ஹங்கேரிய மொழியில் மொழிபெயர்த்தும் இருக்கிறார். ஒரு மெட்டு எல்லை தாண்டிப் போயிருக்கிறது என்றால், அதைப் பாடியவர்களும் கேட்டவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எந்த ஒப்பந்தமும் இதைச் சொல்லாது. எதிர்த் திசையிலும் ஆள் உண்டு. ஆடம் சஹ்ரோவ்ஸ்கி என்ற போலிஷ் கவிஞர் ஹங்கேரிய எல்லைக் கோட்டைகளில் துருக்கியரோடு போரிட்டுவிட்டு, 1597-இல் தன் கவிதைகளை அச்சிட்டார்.

அப்புறம் அச்சுக்கூடம். 1526-இல் மொஹாச் போர்க்களத்தில் ஹங்கேரி ஒட்டோமான் துருக்கியப் படையிடம் நொறுங்கிப்போனது, மன்னரும் இறந்தார். மறு ஆண்டே கிராக்கோவில் ஹியரோனிமுஸ் வியட்டோரின் அச்சகத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான லத்தீன் பாடநூல்கள் ஹங்கேரிய விளக்கத்தோடு வெளிவந்தன. முழுக்க ஹங்கேரிய மொழியிலேயே அச்சான முதல் நூல், பைபிளில் வரும் பவுலின் நிருபங்களின் மொழிபெயர்ப்பு, அதே அச்சகத்தில் 1533-இல் வந்தது. ஒரு மொழியின் முதல் புத்தகம் பக்கத்து நாட்டில் பிறக்கிறது! அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஹங்கேரிய மாணவர்களுக்கென்றே தனி விடுதி இருந்தது. என்னைக் கேட்டால், அந்த விடுதியும் அச்சகமும் செய்த வேலை எந்த அரச கல்யாணமும் செய்ததைவிடப் பெரிது.

கிராக்கோவ் மரியன்னை ஆலயக் கோபுரத்தில் மணிக்கு ஒருமுறை ஊதும் எக்காள இசைக்கு ‘ஹெய்னவ்’ என்று பெயர். போலந்தின் அடையாளம் அது. அந்தச் சொல்லோ ‘விடியல்’ என்று பொருள்படும் ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது.

சரி, என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். அந்திராஷ் தூதித் என்று ஒருவர். ஹங்கேரியில் ஆயராக இருந்து, ஹாப்ஸ்பர்க் பேரரசரின் தூதராகப் போலந்துக்குப் போய், அங்கே ஒரு பெண்ணைக் காதலித்து மணந்து, திருச்சபையால் விலக்கப்பட்டவர். அவருடைய கடிதங்களை போலந்தின் லெக் ஷுட்ஸ்கியும் ஹங்கேரியின் திபோர் செபெஷ்ஷியும் முன்னின்று பதிப்பித்தார்கள். முதல் தொகுதி 1992-இல் வந்தது, ஏழாவது 2019-இல். ஒரே மனிதரின் கடிதங்களுக்கு இத்தனை ஆண்டு!

பலஷ்ஷியின் காதல் கவிதைகளோ 1874-இல் ஒரு குடும்ப நூலகத்தில் கையெழுத்துப் படி கிடைக்கும்வரை உலகுக்குத் தெரியாமலே கிடந்தன. 1589-இல் அவர் தாய்நாட்டிடம் விடைபெறும் பாட்டை எழுதிவைத்துவிட்டு மறுபடி போலந்துக்குப் போனார். டெம்ப்னோ கோட்டையில், அதை வைத்திருந்த ஹங்கேரியப் பிரபு வெஷ்ஷெலேனியின் வீட்டில் தங்கினார். செலியா என்ற பெண்ணைப் பாடும் கவிதைகள் அந்த ஆண்டுகளில் எழுதியவை. அந்தப் பிரபுவின் மனைவி அன்னாதான் செலியா என்கிறார்கள் பலர். அதை ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். கோட்டை இன்றும் நிற்கிறது. செலியா யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.