ஆல்டிஹைடா, கீட்டோனா? பிராக்டிகலுக்கு முன் சில கேள்விகள்

கேள்வி: அண்ணா, 2,4-டிஎன்பி (டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன்) சேர்த்தால் இரண்டு சாம்பிளுக்கும் ஆரஞ்சு வீழ்படிவுதான் வருகிறது. எது ஆல்டிஹைடு?

பதில்: அது சொல்லாது தம்பி. கார்பனைல் தொகுதி (C=O) இருக்கிறது என்பதோடு டிஎன்பி வேலை முடிந்தது. ஆல்டிஹைடில் அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கிறதே, அதனால் லேசான ஆக்சிஜனேற்றிக்கே மசிந்துவிடும். கீட்டோனில் கார்பன்-கார்பன் பிணைப்பையே உடைக்க வேண்டும், அதற்கு டாலன்ஸ் கரைசலுக்கு (அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்) தெம்பில்லை. டாலன்ஸ் போட்டுப் பார், ஆல்டிஹைடு என்றால் குழாய்ச் சுவரில் வெள்ளி ஆடி படியும்.

கேள்வி: போட்டேன். வெள்ளி ஆடி வரவில்லை, கறுப்பாகச் சேறு மாதிரி வந்தது. அப்போ கீட்டோனா?

பதில்: அவசரப்படாதே, கறுப்பும் வெள்ளிதான், பொடியாக இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். முதலில் குழாயைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவு. பிறகு டாலன்ஸைப் புதிதாகத் தயாரி: சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பு வீழ்படிவு வரும், அது கரையும் வரைதான் அம்மோனியா, சொட்டுச் சொட்டாக. அம்மோனியா கூடிப்போனால் சோதனை மந்தமாகிவிடும். சாம்பிளைச் சேர்த்து வெந்நீரில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில், குலுக்கினால் ஆடி படியாது. சாம்பிள் போடாத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள், அதுவும் கறுத்தால் தப்பு கரைசலில்தான்.

கேள்வி: சார், பென்சால்டிஹைடு ஏன் ஃபெலிங் (காரத்தில் உள்ள செம்புக் கரைசல்) சோதனை தரவில்லை? ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன், இல்லாததாலா?

பதில்: நோட்ஸில் அப்படித்தான் இருக்கும், ஆனால் அந்தக் கணக்குப்படி ஃபார்மால்டிஹைடும் தரக்கூடாது, அது நன்றாகவே சிவப்பு வீழ்படிவு தருகிறது! ஃபெலிங் டாலன்ஸை விட மென்மையானது, பென்சீன் வளையத்தோடு இணைந்த ஆல்டிஹைடு தொகுதி அதற்கு எளிதில் மசியாது. அதனால் ஃபெலிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கீட்டோன் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபிரக்டோஸ் கீட்டோன்தானே, அது மட்டும் எப்படி டாலன்ஸ் தருகிறது?

பதில்: காரக் கரைசலில் அது குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் மாறிக்கொள்ளும், கரைசல்தான் காரமாயிற்றே. குளுக்கோஸா ஃபிரக்டோஸா என்று பிரித்தறிய புரோமின் நீர் போடு: குளுக்கோஸ் நிறத்தைப் போக்கும், ஃபிரக்டோஸ் போக்காது.

கேள்வி: புரோப்பனேல், அசிட்டோன், இரண்டையும் பிரித்தறிய அயோடோஃபார்ம் சோதனை (அயோடினும் காரமும் சேர்ப்பது) போதுமா என்று ஓர் அக்காவிடம் கேட்டால் போதும் என்கிறார், நிஜமா?

பதில்: இந்த ஜோடிக்குப் போதும், அசிட்டோன்தான் மஞ்சள் வீழ்படிவு தரும். ஆனால் அசிட்டால்டிஹைடும் தரும், எத்தனாலும் தரும். 3-பென்டனோன் கீட்டோனாக இருந்தும் தராது. அப்புறம், குழாயை அசிட்டோனால் அலசிவிட்டு இந்தச் சோதனை செய்தால் எந்தச் சாம்பிளும் பாசிட்டிவ்தான்.

கேள்வி: மிச்ச டாலன்ஸ் கரைசலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வைத்திருந்தால் சில்வர் நைட்ரைடு உண்டாகும், பாட்டிலைத் தொட்டு அசைத்தாலே வெடிக்கக்கூடியது. அன்றன்றைக்குத் தயாரித்து, முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளிக் கழிவுக்கான பாட்டிலில் ஊற்றிவிடு. ஆடி படிந்த குழாயும் அதே அமிலத்தில் போய்விடும்.