தலைவர்களைப் பற்றி எழுதுவதில் எது செய்தி, எது அபிப்பிராயம்? கேள்வி பதில்

வணக்கம். பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்துத் திருத்துவதுதான் பல காலம் என் வேலையாக இருந்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசியல் தலைவர்களைப் பற்றிப் படிக்கும்போது உங்களுக்கு வருகிற சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

வெருலம், பள்ளி மாணவி: அங்கிள், பள்ளிக்கூடத்துக்காக ஜேக்கப் ஜூமாவைப் பற்றி எழுதினேன். "ஊழலுக்காகச் சிறை சென்ற முன்னாள் அதிபர்" என்ற வரியை டீச்சர் அடித்துவிட்டார். எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

டீச்சர் அடித்தது சரிதான் மா. 2021 ஜூன் 29 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு 15 மாதச் சிறை விதித்தது. காரணம் நீதிமன்ற அவமதிப்பு. ஊழலை விசாரித்த ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டும் அவர் போகவில்லை. ஜூமா மீதான ஆயுதக் கொள்முதல் ஊழல் வழக்கு தனி. அதற்கும் அந்தத் தண்டனைக்கும் சம்பந்தமில்லை. நீ இரண்டு உண்மைச் செய்திகளை ஒட்டிவிட்டாய், நடக்காத மூன்றாவது ஒன்று பிறந்துவிட்டது.

"எல்லாரும் சொல்கிறார்கள்" என்கிறாயே, அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இது நம் டர்பன் நீதிமன்றத்தில் தொடங்கிய விஷயம். ஜூமாவின் நிதி ஆலோசகராக இருந்த ஷபீர் ஷேக்கைக் குற்றவாளி என்று 2005இல் தீர்ப்பளித்தார் நீதிபதி ஹிலரி ஸ்குவயர்ஸ். தண்டனை 15 ஆண்டு. இருவருக்கும் நடுவே "பொதுவாகவே ஊழல் சார்ந்த உறவு" இருந்ததாக நீதிபதி சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின, வானொலியும் சொன்னது, அரசியல்வாதிகளும் மேடையில் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் தீர்ப்பில் அந்தச் சொற்கள் கிடையாது. அது அரசுத் தரப்பு பயன்படுத்திய வாசகம். 2006இல் ஷேக்கின் மேல்முறையீட்டை விசாரித்த புளூம்ஃபொன்டெய்ன் நீதிபதிகளே அதை ஸ்குவயர்ஸின் சொல் என்று தங்கள் தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்! அப்புறம் ஸ்குவயர்ஸே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் தவறை ஒப்புக்கொண்டது.

ஷேக் மீதான தீர்ப்பு இதனால் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூமாவை எதிர்த்தவர்கள் சொல்லாத வாசகத்தை நீதிபதியின் வாயில் வைத்தார்கள். ஆதரித்தவர்கள் அந்த ஒரு தவறைக் காட்டி வழக்கே பொய் என்றார்கள். தீர்ப்பை எடுத்துப் படித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு. எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது அதுதான். நூறு பேர் சொன்னாலும் அந்த நூறு பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான்.

சாட்ஸ்வொர்த், ஒரு அக்கா: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மண்டேலா பதவியேற்பில் சொன்னதாக "நம்முடைய மிக ஆழமான பயம்..." என்று ஒரு வாசகம் வருகிறது. 27 ஆண்டு ராபன் தீவிலேயே இருந்தார் என்றும் போடுகிறார்கள். அதே குழுவில் ஒருவர் அவர் பயங்கரவாதி என்கிறார். எதை நம்புவது?

அந்த வாசகம் 1992இல் ஓர் அமெரிக்க எழுத்தாளரின் புத்தகத்தில் வந்தது. 1994 மே 10 பதவியேற்பு உரை முழுதாகக் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள், அதில் இல்லை. சிறையில் 27 ஆண்டு என்பது சரி. ஆனால் ராபன் தீவில் சுமார் 18 ஆண்டு. 1982இல் போல்ஸ்மூர் சிறைக்கும், 1988இல் விக்டர் வெர்ஸ்டர் சிறைக்கும் மாற்றினார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசத்தில் வந்த பிழைதான். ஆனாலும் நமக்குப் பிடித்த தலைவரைப் பற்றிய தவறைத் திருத்தாமல் விட்டுவிட்டு மற்றவர் தலைவரைப் பற்றி ஆதாரம் கேட்டால் யார் மதிப்பார்கள்?

பயங்கரவாதி என்பது பெயர் சூட்டுவது. அதை வைத்துச் சண்டை போடாமல், அடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 1961இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். நாசவேலைக்குத் திட்டமிட்டதை 1964 விசாரணையில் அவரே மறுக்கவில்லை. ஏன் அந்த வழிக்கு வந்தோம் என்பதையும் அங்கேயே விளக்கினார். அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் 2008 வரை அவர் பெயர் இருந்தது. இவை நடந்தவை. இவற்றைப் படித்துவிட்டு அந்த உறவினர் என்ன பெயர் வைத்தாலும் அது அவருடைய கருத்து.

ஜோஹன்னஸ்பர்க், சென்னையிலிருந்து வேலைக்கு வந்த தம்பி: காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பற்றித் தமிழில் படித்த கட்டுரைகளில் ஒன்றுக்கொன்று முரண்பாடு. எதை வைத்துச் சரிபார்ப்பது அண்ணா?

முதலில் இடத்தையும் காலத்தையும் பாருங்கள். தில்லையாடி அவர் பெற்றோரின் ஊர். அவர் பிறந்தது உங்கள் ஜோஹன்னஸ்பர்க்கில். சிறையிலேயே இறந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். காய்ச்சலோடு விடுதலையாகிச் சில நாளில் இறந்தார் என்று அவரைப் போய்ப் பார்த்த காந்தியே எழுதியிருக்கிறார். தேதி 1914 பிப்ரவரி 22. சேலையைக் கிழித்து காவி, வெள்ளை, பச்சைக் கொடி காட்டினார் என்ற கதையும் உண்டு. காங்கிரஸ் கொடி அந்த மூன்று நிறத்துக்கு வந்ததே 1931இல். பதினாறு வயதுப் பெண் கடுங்காவல் அனுபவித்து உயிர் விட்டாள். அதற்கு மேல் அலங்காரம் எதற்கு? பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது, ஒருமுறை போய் வாருங்கள்.

பீனிக்ஸ், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்: காந்தி இனவெறியர் என்று பிள்ளைகள் கேட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டில் தாத்தா கோபப்படுகிறார். நான் என்ன சொல்ல?

இருவரிடமும் தாள்களைக் கொடுங்கள். 1896இல் பம்பாயில் பேசும்போது காந்தி ஆப்பிரிக்கர்களை இழிவாகப் பேசினார். அவர் பயன்படுத்திய சொல்லை இன்று இங்கே சொன்னால் வழக்கு வரும். அது அச்சில் இருக்கிறது, தாத்தா மறுக்க முடியாது. 1908இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பேசியபோது, எல்லா இனங்களும் கலந்து உலகம் காணாத ஒரு நாகரிகம் உருவாவதைப் பற்றிப் பேசினார். அதுவும் அச்சில் இருக்கிறது, பிள்ளைகள் விட்டுவிட முடியாது.

நேட்டாலில் சூலுக்கள் காலனி அரசை எதிர்த்த 1906 பம்பாத்தா கிளர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். "பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார்" என்று ஒருவர் எழுதுவார், "காயம்பட்ட சூலுக்களுக்குப் பணிவிடை செய்தார்" என்று இன்னொருவர் எழுதுவார். தூக்குப்படுக்கை சுமக்கும் இந்தியர் குழுவை காந்தி காலனி அரசின் படையோடு கொண்டுபோனார். அந்தக் குழுதான் சூலுக்களின் காயத்துக்கு மருந்து போட்டது. இரண்டாவது செய்தி பெரும்பாலும் அவர் சொல்லித் தெரிவது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாதியை மட்டும் எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களை ஏமாற்றுகிறார். காந்தி மாறினாரா, எவ்வளவு மாறினார் என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. அந்த விவாதம் உங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும்.

லெனேஷியா: சார்பே இல்லாமல் எழுதுகிறவர் உண்டா?

குறைவு. சார்பு இருக்கட்டும், செய்தி சரியா என்று பாருங்கள். 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இந்தியர் பக்கம் நின்ற பத்திரிகை, அதை மறைக்கவும் இல்லை. முதல் சில ஆண்டுகள் தமிழிலும் வந்தது. சத்தியாக்கிரகக் காலத்துக்கு இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

டொங்காட், ஓய்வுபெற்றவர்: 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த மூன்று அவை நாடாளுமன்றத்துக்குப் போன நம்மவர்களை "இந்தியர் தேர்ந்தெடுத்த தலைவர்கள்" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் தெருவில் அவர்களைத் துரோகிகள் என்றுதான் சொன்னோம்.

தேர்தல் நடந்தது, ஜெயித்தார்கள். அந்தக் கட்டுரை வாக்குப்பதிவைச் சொல்கிறதா? பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே ஓட்டுப் போட்டார்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்த நேட்டால் இந்தியன் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தன. இதை விட்டுவிட்டு எழுதினால் அந்த வரி சரியாகவே இருந்தாலும் வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். துரோகிகள் என்பது ஐயா, உங்கள் தீர்ப்பு. எனக்கும் அந்த அவை மீது மரியாதை கிடையாது. ஆனால் அதைச் செய்தியாக எழுதித் தந்தால் அடித்திருப்பேன்.

வெருலம் மாணவி, மறுபடியும்: அப்போ "துணிச்சலான", "மோசமான" என்று எழுதவே கூடாதா அங்கிள்?

தாராளமாக எழுது. ஆனால் அதற்கு முன்னால் காரணத்தை வை. நிறவெறி ஆட்சியின் கடைசி அதிபர் டி கிளார்க்கைத் துணிச்சலானவர் என்று எழுத நினைத்தால், 1990 பிப்ரவரி 2 அன்று தடை செய்யப்பட்ட இயக்கங்கள் மீதான தடையை நீக்குவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்ததை முதலில் சொல். அதே டி கிளார்க், நிறவெறி ஆட்சி மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பதை முழுதாக ஏற்கவில்லை என்று 2020இல் சொன்னார். எதிர்ப்பு வந்ததும் அவர் அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டது. அதையும் எழுது. இரண்டையும் எழுதிய பிறகும் உனக்குத் துணிச்சலானவர் என்றே தோன்றினால் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள், டீச்சர் கேட்டால் பதில் உன் கட்டுரையிலேயே இருக்கும். ஜூமா கட்டுரையைத் திருத்தியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு மா.