குளம், காயல், பொழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தனவே, அப்படியானால் அவை இயற்கை ஏரிகள்தானே? (வாசகர், தேரூர்)

இல்லை. ராம்சர் பட்டியலில் மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகளுக்கும் இடமுண்டு. இவை இரண்டும் கரை போட்டுத் தேக்கிய பாசனக் குளங்கள்.

நேரில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒரு சுற்று வாருங்கள். பாசனக் குளம் என்றால் மேட்டுப் பக்கம் நிலம் மெல்லச் சரிந்து இறங்கும், பள்ளப் பக்கம் கரை நிற்கும். கரையில் மடை இருக்கும், மிச்சத் தண்ணீர் போக மறுகால் இருக்கும். கடைசிச் சேறு மடைக்கு முன்னால்தான் காயும், ஏனென்றால் ஆழம் அங்கேதான். இயற்கை ஏரியில் ஆழம் பெரும்பாலும் கரையை விட்டு விலகி, உள்ளே தள்ளிக் கிடக்கும். மிச்சத் தண்ணீர் சுற்று நிலத்தில் எங்கே தாழ்வோ அங்கே தானே வழி தேடும். மண் மேவிப்போன குளத்தில் மட்டும் இந்த ஆழக் கணக்கு ஏமாற்றும். அங்கே மடையைத் தேடுவதுதான் வழி.

கேள்வி: பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வெள்ளாயணி ஏரி இருக்கிறது. இத்தனை மழை பெய்யும் குமரி மாவட்டத்தில் அப்படி ஒன்று ஏன் இல்லை? (வாசகர், தக்கலை)

மழை ஏரியை நிரப்பும், ஏரிக்குப் பள்ளம் வேறு யாராவது தோண்ட வேண்டும். உலகில் அந்த வேலையைச் செய்தவை சில. பனியாறு நிலத்தைச் சுரண்டியதால் வட அமெரிக்காவின் பேரேரிகள் வந்தன. நிலம் பிளந்து இறங்கியதால் 1,642 மீட்டர் ஆழத்தில் பைக்கால் கிடக்கிறது. விண்கல் விழுந்து மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி உண்டானது.

இங்கே அப்படிப் பள்ளம் தோண்ட எதுவும் வரவில்லை. நம் நிலம் சார்னோகைட், கோண்டலைட் போன்ற பழம்பாறை. மலையிலிருந்து கடல் வரைக்கும் தூரம் குறைவு, சரிவு நன்றாக இருக்கிறது. பெய்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. அதை நிறுத்தத்தான் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டினார்கள்.

நமக்கு இயற்கை கொடுத்த ஏரி கடற்கரையில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வாய் மூழ்கியது. அலை கொண்டுவந்த மணல் குறுக்கே திட்டாகப் படிந்தது. உள்ளே சிக்கிய தண்ணீர்தான் காயல். பழையாறு கடலைத் தொடும் மணக்குடிக் காயல் இந்த வகை. கடலின் தொடர்பு முழுக்க அறுந்துபோனால் நாளடைவில் அதுவே நன்னீர் ஏரியாக மாறலாம்.

கேள்வி: பொழி ஏன் அடைகிறது? வெட்டிவிட்டாலும் சில நாளிலேயே மூடிக்கொள்கிறதே? (வாசகர், மேலமணக்குடி)

பொழி என்பது காயல் கடலோடு சேரும் வாய். அது திறந்திருப்பதும் அடைவதும் ஆறும் அலையும் போடும் மல்லுக்கட்டு. ஆற்றில் வேகம் இருந்தால் மணலைக் கடலுக்குள் தள்ளும். கோடையில் ஆறு தளர்ந்தால் அலை மணலை ஏற்றி வாயை அடைக்கும்.

வெட்டியது நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, காயலில் தண்ணீர் போதாமல் வெட்டுவது. காயல் மட்டம் கடலேற்றத்தின் மட்டத்தைவிடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், ஓரத்து வயல் கெடும். இரண்டு, நேரம் தவறுவது. ஏற்றம் உச்சிக்கு வந்து வற்றத் தொடங்கும்போது திறந்தால் சுமார் ஆறு மணி நேரம் கடல் இறங்கிக்கொண்டே இருக்கும், ஓட்டம் தானே பள்ளத்தை அகலப்படுத்தும். வற்று முடியும் நேரத்தில் திறந்தால் அடுத்த ஏற்றம் மணலோடு வந்து நிற்கும்.

வேலையைக் கடல் பக்கமிருந்து தொடங்கி, காயல் பக்கம் கொஞ்சம் மண்ணை அடைப்பாக விட்டு, அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அகலமாக வெட்டுவது வீண், ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருந்தால் போதும். ஜேசிபி அள்ளிய மணலை விளிம்பிலேயே குவித்தால் அது திரும்ப உள்ளேதான் விழும். ஓட்டம் பிடித்த பிறகு விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. அடி அரித்துப்போய் மேல்மணல் ஒரேயடியாகச் சரியும். படம் எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஆனி, ஆடிக் கடலின் மூர்க்கத்தில் எப்படி வெட்டினாலும் பொழி நிலைப்பது கடினம்.

கேள்வி: பேச்சிப்பாறையை ஏரி என்று எழுதலாமா? (வாசகர், தோவாளை)

அணை நீர்த்தேக்கம் என்றே எழுதுங்கள். கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடித்தது அது.

கேள்வி: குளத்து வண்டலை வயலில் போட எவ்வளவு வேண்டும்? ஆழமாக அள்ளினால் குளத்துக்கும் நல்லதுதானே? (வாசகர், இறச்சகுளம்)

ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பரப்ப ஏறக்குறைய 100 கனமீட்டர் மண் ஆகும். 3 கனமீட்டர் பிடிக்கும் டிராக்டர் பெட்டி என்றால் 33 நடை. கும்பப்பூ (இரண்டாம் நெல் போகம்) அறுப்பு முடிந்து, குளம் வற்றியதும், தாலுகா அலுவலக அனுமதியோடு எடுங்கள். ஈர வண்டலை அப்படியே உழ வேண்டாம், கட்டி கட்டியாக இறுகும். பரப்பிக் காயவிட்டு, வெடித்த பிறகு உழுதால் பொடிந்து கலக்கும்.

ஆழமாக அள்ளுவது நல்லதல்ல. கறுத்த வண்டலுக்குக் கீழே இறுகிய களி இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைப்பதே அதுதான். சூளைக்காரர்கள் கேட்பதும் அந்தக் களியைத்தான். அதைக் குடைந்தால் கீழே மணலோ சரளையோ தட்டும், பிறகு குளம் எத்தனை தடவை பெருகினாலும் நிற்காது. மண்வெட்டியில் நிறமும் பிசுக்கும் மாறும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கரையின் அடியை ஒட்டியும் தோண்டக் கூடாது, அடுத்த மழையில் கரை சரியும்.

கேள்வி: காயலோரத்துக் கிணறு கோடையில் கரிக்கிறது. இன்னும் ஆழப்படுத்தலாமா? (வாசகர், ராஜாக்கமங்கலம்)

கூடாது. கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறப் பார்க்கும். ஆழப்படுத்தினால் நீங்களே உப்பை நோக்கி இறங்குகிறீர்கள்.

ஒரேயடியாக மோட்டார் ஓட்டாமல் காலை, மாலை எனப் பிரித்துக் கொஞ்சமாக இறையுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் இறைப்பதற்கு முன் ஒரு அளவு, ஒரு மணி நேரம் இறைத்த பின் ஒரு அளவு எடுங்கள். எண் ஏறினால் இறைக்கும் நேரத்தைக் குறையுங்கள். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை இந்தியத் தர அளவு அனுமதிக்கிறது.