லண்டன் பேரவைத் தேர்தலில் இந்திய மாணவருக்கு வாக்கு உண்டா?

கேள்வி: என் மகன் இந்தியக் கடவுச்சீட்டுடன் மாணவர் விசாவில் லண்டனின் ஹாரோ பகுதியில் தங்கிப் படிக்கிறான். லண்டன் பேரவைத் தேர்தலில் அவனும் வாக்களிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? அங்கே ஒருவருக்கு மூன்று வாக்குச்சீட்டுகள் தருவது எதற்காக?
– வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். லண்டன் மேயரைக் கேள்வி கேட்கும் மாநகர அவையே இந்தப் பேரவை. லண்டனில் வசிக்கும், 18 வயது நிறைந்த பிரித்தானிய, அயர்லாந்துக் குடிமக்களோடு, அந்நாட்டில் தங்க முறையான அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டவரும் அங்கே வாக்காளர்களே. இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் காமன்வெல்த்தில் இருப்பதால் உங்கள் மகனுக்கும் அவ்வுரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தினரில் பெரும்பாலோருக்கு, 2020-ஆம் ஆண்டு முடிவதற்கு முன்பிருந்தே அங்கு சட்டப்படி வசித்து வந்தால்தான் வாக்கு. போலந்து, ஸ்பெயின் போன்று தனி உடன்படிக்கை செய்துகொண்ட சில நாட்டினருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே, சென்ற ஆண்டு லண்டனுக்கு வந்த இந்திய மாணவர் வாக்களிக்கலாம். அதே ஆண்டு வந்த பிரெஞ்சு மாணவர் வாக்களிக்க முடியாது. பழைய பேரரசின் உறவு இப்படியும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது.

ஆனால் தகுதி இருந்தால் மட்டும் போதாது. வசிக்கும் முகவரியைக் கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்டுவதும் இப்போது கட்டாயம் என்றாலும், அதற்கு இந்தியக் கடவுச்சீட்டே போதும்.

மூன்று சீட்டுகளில் ஒன்று மேயருக்கு, ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, மற்றொன்று லண்டன் முழுமைக்குமான கட்சிப் பட்டியலுக்கு, அதாவது தனி வேட்பாளருக்கு அல்லாமல் ஒரு கட்சி தரும் வேட்பாளர் வரிசைக்கு. பேரவையின் 25 உறுப்பினர்களில் 14 பேர் தொகுதிகளிலிருந்து, நம் ஊரைப் போலவே, அதிக வாக்கு பெற்றவர் என்ற முறையில் வருகிறார்கள். எஞ்சிய 11 இடங்கள் மூன்றாம் சீட்டில் விழும் வாக்குகளைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. ஒவ்வொரு கட்சியின் பட்டியல் வாக்குகளையும், அது ஏற்கெனவே பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் வகுத்து, மிகுந்த ஈவு வரும் கட்சிக்கு ஓரிடம் தந்து, அதே கணக்கை 11 முறை செய்கிறார்கள். 5 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற கட்சிக்கு இதில் இடமில்லை. 2024-இல் 10 தொகுதிகளை வென்ற தொழிற்கட்சியின் வாக்குகள் எடுத்த எடுப்பிலேயே 11-ஆல் வகுக்கப்பட்டதால் பட்டியலில் அதற்கு ஒரே ஓரிடம்தான் கிடைத்தது. எந்தத் தொகுதியிலும் வெல்லாத பசுமைக் கட்சிக்கு மூன்று கிடைத்தன. பலரும் அலட்சியமாகக் கருதும் அந்த மூன்றாம் சீட்டே, சிறிய கட்சியை விரும்புபவருக்கு உண்மையில் பயன்படும் சீட்டு என்பேன்.

பேரவை சட்டம் இயற்றுவதில்லை. மேயரைக் கேள்வி கேட்பதும், மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை இருந்தால் அவருடைய வரவு செலவுத் திட்டத்தைத் திருத்துவதுமே அதன் முக்கிய அதிகாரங்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இத்தேர்தல் அடுத்து 2028 மே மாதம் வருகிறது. அப்போதும் உங்கள் மகன் லண்டனில் இருந்தால், கடைசி நாள் வரை காத்திராமல் முன்னதாகவே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.