உவர்மலை ரீச்சருக்கு அலாஸ்கா

கேள்வி: நான் 32 வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்மாரை ஏற்றிப்போகும் படகில் வேலை செய்தவர். அவருக்கு வயது 71, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த வருடம் எங்கள் கலியாண நாளுக்குக் குளிர்நாட்டுக் கப்பல் பயணம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஸ்காபரோவில் இருக்கும் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அலாஸ்கா என்கிறாள். மருமகன் அந்தாட்டிக்கா என்கிறார். லண்டனில் இருக்கும் தங்கை நோர்வேதான் வடிவு என்கிறாள். இவரோ, "ஐஸைப் பார்க்க இவ்வளவு காசோ?" என்று கேட்கிறார். எனக்குப் பனிக்கட்டியாறும் திமிங்கிலமும் பார்க்கவேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த மாதம் போவது?
— உவர்மலை வாசகி

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

மகள் பக்கம்தான் நானும். அலாஸ்கா, ஜூலை மாதம், வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்கும் கப்பல், பயணத்திட்டத்தில் 'கிளேசியர் பே' என்ற பனிக்கட்டியாற்றுக் குடாவின் பெயர். இந்த நாலையும் இன்றைக்கே மகளுக்கு அனுப்பிவிடுங்கள். காரணங்களை ஆறுதலாகச் சொல்கிறேன்.

கப்பல் விளம்பரங்களில் நீச்சல் குளமும் சாப்பாட்டு மேசையும்தான் முதலில் தெரியும். ஆட்களும் கப்பலைப் பார்த்துத்தான் காசு கட்டுகிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த மாதம் அந்தக் கடலில் மிருகங்கள் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை. திருகோணமலைக்காரருக்கு இது புதுக் கேள்வி இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோணேசர் கோயிலடியில் நின்று கிழக்கே பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால் நீலத்திமிங்கிலம் ஊதுவது தெரியும். கரையோடு அண்டி அவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கு கடலடியில் கிடப்பதால்தான் அவை அவ்வளவு கிட்ட வருகின்றன. அதே இடத்தில் நவம்பர் மழைக்குள் போய் நின்றால் என்ன தெரியும்? இடமும் காலமும் சேர்ந்து பொருந்தவேண்டும். குளிர்நாட்டிலும் இதே கணக்குத்தான்.

மருமகனின் அந்தாட்டிக்காவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே கோடை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பென்குயின் குஞ்சுகள் பொரிக்கும். பெப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள் நிறைய. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே ஆட்களைக் கரையிறக்க முடியாது. இறக்கினாலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான். பென்குயினுக்கு 5 மீற்றர் கிட்டப் போகக்கூடாது, சப்பாத்தைக் கழுவித்தான் இறங்கவேண்டும். இந்த ஒழுங்குகளைக் கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஆர்ஜென்ரினாவின் உசுவாயாவில் ஏறினால் டிரேக் நீரிணையைக் கடக்கவே போக இரண்டு நாள், வர இரண்டு நாள். உலகத்தின் மிக முரட்டுக் கடல்களில் ஒன்று அது. அதற்குப் பிறகு கரையிறங்குவது றப்பர் படகில். ஆடுகிற படகிலிருந்து காலைத் தூக்கி வைத்து வழுக்குக் கல்லில் இறங்கவேண்டும். தேய்ந்த முழங்காலோடு ஐயா அதைச் செய்ய வேண்டாம். அவரைக் கப்பலில் இருத்திவிட்டு நீங்கள் மட்டும் இறங்கினால் அது கலியாண நாள் பயணமும் இல்லை. மருமகன் இளம் ஆள், பிறகு போகட்டும்.

தங்கை சொல்வதும் பொய் இல்லை. மலையின் வடிவுக்கு நோர்வேயை மிஞ்ச ஆளில்லை. கரும்பலகையில் நீங்கள் எத்தனை தரம் கீறியிருப்பீர்களோ, மலைகளுக்கிடையில் கடல் புகுந்து கிடக்கும் அந்த நுழைகழி அங்கே கண்முன் நிற்கும். கைராங்கர் நுழைகழி 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. செங்குத்துச் சுவரிலிருந்து அருவிகள் நேரே கடலுக்குள் விழும். ஆனால் நீங்கள் கேட்டது பனிக்கட்டியாறும் திமிங்கிலமும். வட நோர்வேயில் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் ஹெறிங் மீனைத் துரத்திக் கரைக்குக் கிட்ட வருவது நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அங்கே சூரியனே எழும்பாது. கோடையில் போனால் மலையும் அருவியும் பஃபின் பறவைகளும் கிடைக்கும், திமிங்கிலத்துக்கு உத்தரவாதம் குறைவு. கடலுக்குள் உடைந்து விழும் பனிக்கட்டியாறு வேண்டுமென்றால் இன்னும் வடக்கே சுவல்பார்ட் தீவுகள் வரை போகவேண்டும்.

இனி அலாஸ்கா. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாயிக் கடலில் குட்டி போட்டு, அங்கே அநேகமாகப் பட்டினி கிடந்து, ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் நீந்தி அலாஸ்காவுக்கு வருகின்றன. வருவது சாப்பிட. ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை அவற்றின் சாப்பாட்டுக் காலம். பல திமிங்கிலங்கள் கூட்டுச் சேர்ந்து, மீன் கூட்டத்தைச் சுற்றிக் கீழேயிருந்து குமிழிகளை வளையமாக விட்டு வலைபோல் மறித்து, வாயை ஆவென்று திறந்தபடி ஒரேயடியாக மேலே வரும். எல்லாப் பயணத்திலும் இது கிடைக்காது. ஆனால் கிடைக்கக்கூடிய மாதத்தில் போவது நம் கையில் இருக்கிறது. ஜூலையில் சமன் மீன் ஆற்றில் ஏறத் தொடங்கும், அதைப் பிடிக்கக் கரடி வரும், மரத்தின் உச்சியில் வெண்தலைக் கழுகு காத்திருக்கும். ஒன்றின் பசியால் மற்றது வருகிறது. இதைப் படிப்பித்தவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கிளேசியர் பே என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு பட்ட கதை இருக்கிறது. முதல் தரம் அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் அலாஸ்கா போனபோது, 'பனிக்கட்டியாறு பார்வையிடல்' என்று பயணச்சீட்டு விற்றவர் எழுதித் தந்ததை நம்பினேன். எந்தப் பனிக்கட்டியாறு என்று கேட்கவில்லை. போன இடம் வேறொரு ஒடுங்கிய நுழைகழி. அன்று மிதக்கும் கட்டிகள் கூடிப்போய், மூடுபனியும் இறங்கி, கப்பல் பாதியில் திரும்பியது. கப்டன் செய்தது சரி, அதில் எனக்குக் குறையில்லை. கட்டிகள் கூடினால் அங்கே திரும்பவேண்டி வரலாம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாததுதான் மனவருத்தம். அம்மா அந்த நாள் முழுவதும் சாம்பல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தா. அடுத்த வருடம் அவவால் பயணம் செய்ய முடியவில்லை.

இரண்டாம் தரம் கிளேசியர் பேக்குள் போனேன். அது அமெரிக்காவின் தேசியப் பூங்கா. பெரிய உல்லாசக் கப்பல் நாளுக்கு இரண்டுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். விட்டால் அன்றைய பகல் அநேகமாக முழுவதும் உள்ளேதான். 1794இல் பிரித்தானியக் கடலோடி கப்டன் வன்கூவரின் ஆட்கள் வந்தபோது குடா என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, வாசலிலேயே பனிச்சுவர். இன்றைக்கு அந்தப் பனி 100 கிலோமீற்றர் அளவுக்குப் பின்வாங்கி, அது விட்டுப்போன இடத்தில்தான் கப்பல் ஓடுகிறது. வாசலில் பெரிய மரக்காடு, உள்ளே போகப் போகப் பற்றை, பிறகு பாசி, கடைசியில் வெறும் பாறை. ஒரே பகலில் தாவரத் தொடர்ச்சிப் பாடம் முழுவதும் பின்பக்கமாகப் புரளும்.

மார்ஜரி பனிக்கட்டியாற்றின் முன்னால் கப்பல் எஞ்சினைத் தணித்து நின்றது. நான் கீழ்த்தட்டில், தண்ணீருக்குக் கிட்ட நின்றேன். முதலில் கேட்டது தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். தண்ணீர் முழுவதிலிருந்தும் வந்தது. சிறு சிறு பனிக்கட்டிகள் உருக உருக, உள்ளே அடைபட்டுக் கிடந்த பழைய காற்று குமிழி குமிழியாக வெடிக்கிறது. ஒரு கட்டியின்மேல் கடல்நாய் ஒன்று குட்டியோடு படுத்திருந்தது. பிறகு, சுவரின் இடது பக்கத்தில் ஒரு வீட்டளவு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அது தண்ணீரில் பட்ட பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரும் கதைக்கவில்லை. நான் அம்மாவை நினைத்தேன்.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: 'எந்தப் பனிக்கட்டியாறு, எத்தனை மணித்தியாலம்' என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் காசு கட்டவேண்டும். ஹொலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் என்ற இரண்டு நிறுவனக் கப்பல்களும் கிளேசியர் பேக்குள் அதிக நாட்கள் போகின்றன. தேடலை அங்கே தொடங்கலாம்.

கனடாவின் வன்கூவரில் ஏறுவதா, அமெரிக்காவின் சியாற்றிலில் ஏறுவதா என்பது கடல் ஆட்டத்தைப் பொறுத்தது. வன்கூவரிலிருந்து போகும் கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்கு உட்பக்கமாகப் போகும். தண்ணீர் நம் உள்துறைமுகம் மாதிரி அடங்கி இருக்கும். சியாற்றில் கப்பல்களில் பல வன்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாக, திறந்த சமுத்திரத்தில் போகும். தலைசுற்றும் சத்தியும் உங்களுக்கு வருமென்றால் இந்த வித்தியாசம் பெரிது. அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. பல்கனி உள்ள அறைக்குக் காசு கூட. இருந்தாலும் ஐயாவின் காலுக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம் என்பேன், கதிரையில் இருந்தபடியே அவர் பார்க்கலாம். வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள், அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் எடுக்கும் சிறு திமிங்கிலப் படகில் மட்டும் வேண்டாம். கப்பலின் பத்தாம் தட்டிலிருந்து பார்த்தால் திமிங்கிலம் ஒரு கறுப்புக் கோடு. படகில் அதன் மூச்சு கேட்கும். அங்கே கூனல் முதுகுத் திமிங்கிலத்துக்கு ஏறத்தாழ 90 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று சட்டம். எஞ்சினை அடக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். நம் கடலில் ஒரு நீலத்திமிங்கிலத்தை ஐந்தாறு படகுகள் விரட்டிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காத்திருந்தபோது அந்தக் காட்சிதான் நெஞ்சைக் குடைந்தது.

விசா விஷயத்தை இந்தக் கிழமையே தொடங்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மகளும் மருமகனும் கனடியக் கடவுச்சீட்டில் சுகமாகப் போய்விடுவார்கள், உங்கள் இருவருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு. அலாஸ்கா அமெரிக்க மாநிலம், எனவே அமெரிக்க விசா வேண்டும். வன்கூவரில் புறப்பட்டுத் திரும்ப வன்கூவருக்கு வருவது கனடாவுக்குள் இரண்டாம் தரம் நுழைவது, எனவே கனடிய விசா பல தடவை நுழையக்கூடியதாக இருப்பது நல்லது. சியாற்றிலில் ஏறினால் கனடா தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையில் மட்டும் ஆட்களை ஏற்றியிறக்க 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் கொடுப்பதில்லை. அதனால் அந்தக் கப்பல்களும் விக்ரோரியா போன்ற ஒரு கனடியத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும். அமெரிக்க விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம் இருக்கும். இரண்டு விசாவும் கைக்கு வரும் முன் திருப்பித்தராத முற்பணம் கட்டவேண்டாம். வைத்தியக் காப்புறுதியும் கட்டாயம் எடுங்கள்.

குளிரைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஜூலையில் ஜூனோவின் பகல் கிட்டத்தட்ட நுவரெலியாப் பகல் மாதிரித்தான். பனிக்கட்டியாற்றுக்கு முன்னால் மட்டும் காற்று கன்னத்தைக் கடிக்கும். ஆயத்தமாக இருக்கவேண்டியது மழைக்கு. கப்பல் வழியில் தொடும் கெச்சிக்கான் ஊரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, நம் ஊர் மழையின் இரண்டு மடங்குக்கும் கூட. தடித்த ஒரே கோட்டை விட, மெல்லிசாக இரண்டு மூன்று உடுப்பும் அவற்றுக்கு மேலே தண்ணீர் புகாத றெயின்கோட்டும் நல்லது. அதெல்லாம் மகள் அங்கேயே வாங்குவா, இங்கிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கொரு தொலைநோக்கி வேண்டும், 8×42 அளவு போதும். ஒன்றை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தால் மிருகம் போய்விடும்.

ஐயாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐஸுக்காக அவர் வரமாட்டார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: அந்தக் கடலில் வெளிநாட்டுக் கப்பல் எதுவும் உள்ளூர் பைலட் இல்லாமல் ஓடமுடியாது. கிளேசியர் பேக்குள் நுழையும் காலையில், பூங்காவின் ஆட்கள் சிறு படகொன்றில் வருவார்கள். கப்பல் நிற்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். படகு பக்கத்தில் ஒட்டி அதே வேகத்தில் ஓடும். மேலேயிருந்து கயிற்று ஏணி இறங்கும். அலையில் படகு மேலே எழும்பும் அந்த நொடியில் ஒவ்வொருவராக ஏணியைப் பிடித்து ஏறுவார்கள். எங்கள் கப்பலில் அதைப் பார்க்க எழும்பி வந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஐயா எழும்புவார். எந்தப் பக்கத்தால் ஏணி இறங்கும் என்று முதல் நாள் இரவே கப்பல் ஆட்களிடம் கேட்டு வையுங்கள்.