தோடர் மொழியில் மூன்று ரகரம்

கேள்வி: எங்கள் வீட்டில் 'கரை', 'கறை' இரண்டையும் ஒரே ஒலியில்தான் சொல்கிறோம். நீலகிரித் தோடர் மொழியில் ரகரமே மூன்று வகை என்று படித்தேன். உண்மையா? எழுத்தில்லாத மொழிக்கு இலக்கணம் உண்டா?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: உண்மைதான். 'கர்' என்று நம் காதில் விழும் ஓரசைச் சொல், நா நுனி எங்கே அதிர்கிறது என்பதைப் பொறுத்துத் தோடர் மொழியில் மூன்று சொல்லாகிறது. நா நுனி பல்லை ஒட்டி முன்னே அதிர்ந்தால் துணியின் கரை. சற்றுப் பின்னே, பல்லுக்கு மேலுள்ள மேட்டில் அதிர்ந்தால் சாறு. டகரம் சொல்வதுபோல் நாவை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அதிர்த்தால், கன்றுகளை அடைக்கும் இடம், அதாவது நம் பக்கத்தில் பட்டி என்போமே, அது. இம்மூன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இணைகளும் இருப்பதால், ஆக மொத்தம் ஆறு. தமிழெழுத்தில் இவற்றை எழுதப் புகுந்தால் ர, ற என்ற இரண்டோடு நம் கையிருப்பு தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். நா நுனி அண்ணத்தை வருடப் பிறப்பது ரகரம், ஒற்றப் பிறப்பது றகரம் என்று தொல்காப்பியர் தெளிவாகவே பிரித்திருந்தாலும், தருமபுரியில் மட்டுமன்றித் தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. காற்று காத்தாகி, கன்று கன்னாகி நெடுநாளாகிறது. நாம் எழுத்தில் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கும் இத்தகைய நுட்பத்தை, ஓரிரு ஆயிரம் பேர் மட்டுமே கொண்ட ஒரு சமூகம் எழுத்தின் துணையின்றி நாவிலேயே வைத்திருப்பதை எண்ணும்போது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

இலக்கணம் எழுத்தில் இல்லை, பேசுவோரின் பழக்கத்தில் இருக்கிறது. மொழியியலறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர்கள் பேசக் கேட்டும் அவர்களுடைய பாடல்களைக் கேட்டும் எழுதிக்கொண்டவற்றின் அடிப்படையில்தான், அம்மொழியின் விரிவான இலக்கணம் 1984இல் நூலாக வெளிவந்தது. தமிழறிந்தவர்களை வியக்கவைக்கும் ஒரு செய்தி அதில் உண்டு: வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று நாம் வினையிலேயே பால் பிரித்துச் சொல்லும் இடத்தில், தோடர் மொழி படர்க்கைக்கு ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. வந்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா, வந்தது எருமையா என்பதையெல்லாம் பேச்சின் சூழல்தான் காட்டும்.